கிணற்று நீச்சல்காரி ஆற்றில் இறங்கிய நாள்

1

இந்த யோசனை எங்கே தோன்றியது என்று கேட்டால் இடத்தைக் காட்டியே சொல்லிவிடுவேன். ஆற்றோரப் புல்லில் நாங்கள் விரித்திருந்த ஜமக்காளத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில், அம்மா எழுந்து போய் நின்ற இடம்.

நியூசிலாந்தில் ஜனவரி என்றால் நல்ல கோடை. திண்டுக்கல்லிலிருந்து அப்பாவும் அம்மாவும் எங்களைப் பார்க்க முதல் தடவையாக வந்திருந்தார்கள். எங்களை என்றால் என்னையும் தம்பி ரோசாரியோவையும். நான் படிக்க வந்து, வேலை கிடைத்து, இங்கேயே தங்கிவிட்டவள். அவன் என் வாலைப் பிடித்துக்கொண்டு படிக்க வந்தவன். அன்றைக்குப் புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு ஆற்றோரம் போயிருந்தோம். சாப்பிட்டதும் நாங்கள் மூவரும் காலார நடக்கக் கிளம்பினோம். அம்மா வழக்கம்போல, "போய்ட்டு வாங்க, நான் பைகளப் பாத்துக்கிறேன்" என்றாள்.

இந்த வாக்கியத்தை எத்தனை ஊர்களில் கேட்டிருக்கிறேன்! கொடைக்கானல் ஏரியில் நாங்கள் படகு மிதித்தபோது அம்மா கரையில் பைகளோடு இருந்தாள். கும்பக்கரை அருவியில் நாங்கள் நனைந்தபோது எல்லார் செருப்பும் அவள் காலடியில் கிடந்தது. கன்னியாகுமரியில் எங்கள் கால்களை அலை நனைத்தபோது அவள் எங்கள் துண்டுகளுக்குக் காவல். எங்கள் வீட்டு ஆல்பத்தில் தண்ணீர் வருகிற படம் எதிலும் அம்மா இல்லை. பையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அது அம்மாதான் என்று எங்களில் யாரும் முடிவு செய்ததாக நினைவில்லை. ஆனாலும் அது முடிவாகியிருந்தது.

நாங்கள் கொஞ்ச தூரம் போயிருப்போம். மேலே வளைவிலிருந்து கூச்சல் கேட்டது. சிவப்பு ரப்பர் படகு ஒன்று நுரையைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஹெல்மெட் மாட்டிய ஆறேழு பேர் துடுப்பைத் தூக்கி ஆர்ப்பரித்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்மணிக்கு ஹெல்மெட்டுக்கு வெளியே தெரிந்த முடியெல்லாம் பஞ்சு வெள்ளை.

நான் திரும்பிப் பார்த்தேன். ஜமக்காளத்தில் பைகள் அநாதையாகக் கிடந்தன. அதில் ஒன்றில் நாலு பேருடைய பாஸ்போர்ட்டும் இருந்தது. அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். படகு கண்ணை விட்டு மறையும் வரை நின்று பார்த்தாள். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றதும் கேட்டாள்.

"ஏண்டி ஜெனி, முன்னாடி உக்காந்திருந்துச்சே அந்தம்மா, அதுக்கு என்ன வயசிருக்கும்?"

"எழுபது இருக்கும்மா."

"எனக்கு அம்புட்டு ஆகலைல்ல?"

அவ்வளவுதான். எனக்குப் பொறி தட்டிவிட்டது.

2

அம்மாவின் ஊர் அகரம். தாடிக்கொம்பு பக்கம். இறங்கிக் குளிக்கப் படி வைத்த பெரிய பாசனக் கிணறு ஒன்று அவர்கள் தோட்டத்தில் இருந்தது. எங்கள் பக்கம் 'நீச்சல்' என்று யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. 'கெணத்துல குளிக்கப் போறோம்' என்பார்கள். அதற்குள்ளேயே குதிப்பது, முங்குவது, உள்நீச்சல் எல்லாம் அடக்கம்.

அப்பாவுக்குத் திண்டுக்கல்லில் மோட்டார் காயில் கட்டும் கடை. எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, செம்புக் கம்பியை மறுபடி சுற்றித் தருகிற வேலை. வாழ்க்கையில் பாதியைக் கிணற்று ஓரத்திலேயே கழித்தவர். ஆனால் அவருக்கு நீந்தத் தெரியாது. கேட்டால், "தண்ணிக்கும் எனக்கும் ஒரே ஒப்பந்தம்தான். அது கீழ இருக்கும், நான் மேல இருப்பேன்" என்பார்.

அவர்கள் கல்யாணக் கதையே கிணற்றில் தொடங்கியதுதான். அந்த ரப்பர் படகுச் சவாரிக்கு, ராஃப்டிங்குக்கு, நாமும் போகலாம் என்று நான் பேச்சை எடுத்த அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அப்பா அதை மறுபடியும் சொன்னார்.

"அப்ப நான் வேலை பழகுற பையன். அகரத்துல ஒரு கெணத்துல மோட்டார எறக்கிட்டு இருக்கேன். கையில இருந்த ஸ்பேனரு நழுவி உள்ள போயிருச்சு. மொதலாளி தோல உரிச்சிருவாரு. மேல நின்னு முழிக்கிறேன். தொபுக்கடீர்னு ஒரு சத்தம். ஒரு பொண்ணு குதிச்சிருச்சு. செத்த நேரம் ஆளையே காணோம். எனக்கு ஸ்பேனரு போச்சேங்கிறது போயி, பொண்ணு போச்சேன்னு ஆயிருச்சு. பெறகு வருது மேல, கையில ஸ்பேனரோட. வந்து கேட்ட மொதக் கேள்வி என்ன தெரியுமா? 'வேற எதுனாச்சும் கெடக்கா உள்ள?'"

அம்மா சிரிக்கவில்லை. தட்டிலிருந்த ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் வந்து சேர்ந்தது திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் ஒரு வீட்டுக்கு. குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று தெருவே காத்திருக்கும். வந்தால் டிரம், குடம், அண்டா, சட்டி வரைக்கும் நிரப்பி வைப்போம். நான் வளர்ந்தது அந்த வீட்டில்தான். அதனால் அம்மா நீந்துவாள் என்பது எனக்குப் பைபிள் கதை மாதிரி. நம்பினேன், ஆனால் கண்ணால் கண்டதில்லை. ஊருக்குப் போகும்போதும் அவள் கிணற்றில் இறங்கியதில்லை. கல்யாணம் ஆன பெண் குதிக்கிறதா என்று யாராவது கேட்பார்கள். பிறகு போர்வெல் வந்தது. கிணற்றில் தண்ணீரே இல்லாமல் போனது.

தம்பி இன்னும் சம்மதிக்கவில்லை. அவன் பகுதி நேரமாக வேலை பார்க்கிற காபிக் கடையில் அவன் பெயர் 'ராஸ்'. வீட்டிலும் இப்போது பாதிக்குப் பாதி அந்த ராஸ்தான் பேசுகிறான்.

"அக்கா, பி சீரியஸ். அம்மா கேன் வெயிட் அட் த ஃபினிஷ், நோ? நம்ம திங்ஸ் எல்லாம் பாத்துக்க ஆள் வேணும்ல?"

"ஏலே, அம்மாகிட்ட கேளுடா. என்கிட்ட எதுக்குக் கேக்குற?"

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா அவனைப் பார்த்தாள்.

"நான் வாரேன்" என்றாள். "அப்பாவக் கேட்டுக்க, அவுக வாராகளான்னு."

அப்பாவுக்கு வேறு வழியில்லை. இந்த நாட்டுக்கு விசா வாங்கும்போது, திரும்பிப் போய்விடுவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். கடைக்குள் மோட்டார்களுக்கு நடுவே நின்று படம் எடுத்து அனுப்பினார் மனுஷன். "இம்புட்டு மோட்டாரு பிரிச்சுக் கெடக்குறப்ப நான் எங்க போயி ஒளியப் போறேன்?" என்று குறிப்பு வேறு எழுதச் சொன்னார். நான்தான் அதை நாகரிகமான ஆங்கிலமாக்கினேன். அந்தத் தைரியசாலி இப்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, அந்தப் படகு கவுந்தா?"

"கவுந்தா மெதப்பீங்கப்பா. ஜாக்கெட் குடுப்பாங்க."

"கவுறும்னே முடிவு பண்ணிட்டியா?"

3

உடை மாற்றும் அறையில் ஒரு சிறு போர். ரப்பர் மாதிரி உடம்போடு ஒட்டுகிற உடுப்பைத் தந்தார்கள். நானே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நுழைய வேண்டியிருந்தது. சேலையைத் தவிர வேறெதையும் உடுத்தாத அம்மா அதைத் தூக்கிப் பார்த்து, "இதென்னடி, உரிச்ச பாம்புச் சட்டையாட்டம்?" என்றாள். மேலே என் சுடிதார் டாப்பைப் போட்டுக்கொள்வேன் என்றாள். தொளதொள துணி எங்கேயாவது மாட்டிக்கொள்ளும், கூடாது என்றார்கள். கடைசியில் தாலியைச் சட்டைக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். அப்பா ஒரு நிமிஷம் அடையாளம் தெரியாமல் விழித்தார்.

"யாருன்னு தெரியுதா?" என்றாள் அம்மா.

"ஸ்பேனரு எடுத்த புள்ள மாதிரி இருக்கு" என்றார் அப்பா. அம்மாவுக்கு வெட்கம் வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எங்கள் வழிகாட்டி ஹினே என்ற மாவோரிப் பெண். என் வயதுதான் இருக்கும். தோள் மட்டும் கல்லில் செதுக்கியது போல. பைகளையெல்லாம் வேனில் வைத்துப் பூட்டினாள். "சாவி யார்கிட்ட?" என்று அம்மா என்னைக் கேட்டாள். ஹினே தன் கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவியை எடுத்துக் காட்டினாள். அதற்குப் பிறகுதான் அம்மா வேனை விட்டு நகர்ந்தாள்.

கரையில் வைத்துப் பாடம் நடந்தது. முன்னால் துழாவு, பின்னால் துழாவு, குனிந்து பிடி. தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து கிட. காலைத் தூக்கி ஓட்டம் போகிற திசையில் நீட்டு. எக்காரணம் கொண்டும் எழுந்து நிற்கப் பார்க்காதே, பாறை இடுக்கில் கால் மாட்டினால் ஆறு உன்னை மடக்கிவிடும். விழுந்தவரைத் தூக்க வேண்டுமானால் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடி. முழங்காலைப் படகில் முட்டுக் கொடுத்து, பின்னால் சாய்ந்து விழு. நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். அப்பா பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி திரும்பச் சொன்னார். அம்மா "ம், ம்" என்றாள்.

"உங்க அம்மாவுக்கு நீந்தத் தெரியுமா?" என்று ஹினே கேட்டாள்.

பெருமை தாங்காமல் ஊர் நினைப்பிலேயே சொல்லிவிட்டேன், என் அம்மா சின்ன வயதில் கிணற்றில்தான் குளிப்பாள் என்று. ஹினே மரியாதையாகத் தலையாட்டினாள். அவளுக்கு எங்கள் வீட்டில் குளியலறை இல்லாததுதான் புரிந்திருக்கும்.

படகைத் தள்ளும் முன் அவள் தன் மொழியில் ஆற்றுக்கு ஒரு சிறு வேண்டுதல் சொன்னாள். ஒரு சொல்லும் எங்களுக்குப் புரியவில்லை. ஆனால் முடிந்ததும் அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். ஹினே அதைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

4

ஆறு பாறைகளில் மோதிப் பாய்கிற முதல் நுரை வருகிற வரைக்கும் நாங்கள் நாலு பேரும் நாலு ஊருக்குத் துடுப்புப் போட்டோம். தம்பி வேகம், அப்பா ஜெபம், நான் கூச்சல். அம்மா மட்டும் ஹினே சொன்னதற்குச் சரியாகத் துழாவினாள். பிறகு படகின் மூக்கு சட்டென்று கீழே போனது. பனிக்கட்டி உருகின தண்ணீர் முகத்தில் அறைந்தது. மேலே வந்தோம், மறுபடி விழுந்தோம், ஒரு பாறையில் தேய்த்துக்கொண்டு சுழன்றோம். "சேசுவே, மரியே" என்று அப்பா கத்துவது கேட்டது. அமைதியான தண்ணீருக்கு வந்ததும் நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். ஹெல்மெட்டிலிருந்து தண்ணீர் சொட்ட, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு வருமா?"

வந்தது. இன்னும் பல வந்தன. பாதி வழியில் ஆறு அகன்று ஒரு மடு. ஓட்டமே தெரியாத பச்சைத் தண்ணீர், ஓரத்தில் அடியில் கிடக்கிற கல் தெரிகிற தெளிவு. விருப்பமிருந்தால் இறங்கி மிதக்கலாம் என்றாள் ஹினே. நான் குதித்தேன், தம்பி குதித்தான். அப்பா படகின் கயிற்றைக் கல்யாண மாலை மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். அம்மா மெல்ல இறங்கினாள்.

இறங்கியதும் அவள் முங்கப் பார்த்தாள். ஜாக்கெட் தூக்கி மேலே விட்டது. மறுபடி முங்கினாள். மறுபடி தூக்கிவிட்டது.

"என்னடி இது, முங்க விட மாட்டேங்குது?"

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் மேலேயே மிதப்பவர்கள் கற்றுக்குட்டிகள்தான். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிப் பிள்ளைகளை இறக்கிவிடுவார்கள். குடுக்கையை அவிழ்த்துவிட்டு முங்கித் தரையைத் தொட்டு, ஒரு கை மண்ணை அள்ளிக்கொண்டு வந்து காட்டினால்தான் நீந்தத் தெரியும் என்று ஒப்புக்கொள்வார்கள். அம்மாவுக்கு அந்த ஜாக்கெட் உயிர் காக்கும் சாமானாகவே தெரியவில்லை.

"என்னைய என்ன, குடுக்கை கட்டுன புள்ளன்னு நெனைச்சீகளா?" என்றாள். நான் திரும்புவதற்குள் மூன்று கொக்கிகளும் திறந்திருந்தன.

அடுத்து நான் பார்த்தது வெறும் ஜாக்கெட். ஆள் இல்லாமல் அது மடுவின் விளிம்பை நோக்கித் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

ஹினே, தண்ணீரில் தவிப்பவருக்கு வீசுகிற கயிற்றுப் பையை எடுத்துக்கொண்டு படகின் விளிம்பில் எழுந்து நின்றாள். "அருளு!" என்று அம்மாவின் பெயரைச் சொல்லி அப்பா கத்தினார். தம்பி நீந்தத் தொடங்கிவிட்டான். கொஞ்ச நேரம்தான், அதற்குள் நானும் அவன் பின்னாலேயே திரும்பிவிட்டேன். பிறகு படகை ஒட்டி அம்மாவின் தலை வந்தது. கையை உயர்த்தினாள். உள்ளங்கை நிறைய ஒரு கருப்புக் கூழாங்கல்.

"தொட்டுட்டேன்!" என்றாள்.

5

ஹினே சத்தம் போட்டிருந்தால்கூட எளிதாக இருந்திருக்கும். ஜாக்கெட்டை மீட்டு அம்மாவுக்கு மாட்டி, கொக்கிகளை ஒவ்வொன்றாக இறுக்கினாள். பிறகு படகைக் கரையில் ஒதுக்கி, என்னிடம் நிதானமாகச் சொன்னாள். இந்த மடுவுக்குக் கீழே ஆறு குறுகி, பெரிய நுரையில் விழுகிறது. ஜாக்கெட் இல்லாத ஆள் அங்கே போனால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது. சொன்னதைக் கேட்காதவரை அதில் கூட்டிப்போக முடியாது. இங்கிருந்து ரோட்டுக்கு ஒரு ஒற்றையடிப் பாதை இருக்கிறது. வேனை அங்கே வரச் சொல்கிறேன், அம்மா ஏறிப்போய்க் காத்திருக்கட்டும்.

அவள் சொன்னது நியாயம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மறுபடியும் அம்மா கரையில்.

"ஐ டோல்ட் யூ" என்றான் தம்பி, என்னைப் பார்த்து.

"நானும் எறங்கிக்கிறேன்மா" என்றார் அப்பா. அவர் குரலில் தியாகத்தைவிட நிம்மதிதான் கூடுதலாகக் கேட்டது. "ரெண்டு பேருமாப் பேசிக்கிட்டே நடந்துருவோம்."

"வேணும்னா நீங்க நடங்க" என்றாள் அம்மா. பிறகு என்னிடம், "அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு? ஒண்ணு விடாமச் சொல்லு. எனக்காக நோகாமச் சொல்லாத."

சொன்னேன். அம்மா ஆற்றைப் பார்த்தாள். மடுவின் முடிவில் தண்ணீர் மடிந்து வேகம் பிடிக்கிற இடத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"அது சொல்றதுதான் ஞாயம்" என்றாள். "கெணத்துல தண்ணி நிக்கும், நம்ம போவோம். இங்க தண்ணி போவுது, நம்ம சும்மா கெடக்கணும். நான் கெணத்து நெனப்புலயே இருந்துட்டேன். ஜெனி, நான் ஒருக்கா செஞ்சு காட்டுறேன்னு சொல்லு. சரியில்லைன்னா அது சொல்றபடி நடந்து போறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஹினேயிடம் திரும்பினாள். கொக்கியைத் தொட்டுக் காட்டி, "திஸ், நோ ஓபன். மை மிஸ்டேக். ஒன் டைம், டீச் மீ" என்றாள்.

ஹினே அந்தக் கொக்கிகளை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு தானும் தண்ணீரில் இறங்கினாள். மடுவுக்குப் பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டம் இருந்தது. அங்கே அம்மாவை விட்டாள். வேகத்தோடு நீந்திப் பழகிய ஆளுக்குச் சும்மா கிடப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அன்று பார்த்தேன். முதல் தடவை கை தானாகவே அடித்தது. "அகைன்" என்றாள் ஹினே. இரண்டாம் தடவை கால் கீழே போனது. "அகைன்." மூன்றாம் தடவை அம்மா மல்லாந்து, காலைத் தூக்கி, கையை மார்பில் கட்டி, கண்ணை வானத்தில் வைத்து, ஆறு கொண்டுபோகிறபடி போனாள். கடைசியில் ஹினே படகில் ஏறி, அம்மாவின் தோள்பட்டையைப் பிடித்து இழுத்தபோது இரண்டு பேரும் ஒன்றாகப் படகுக்குள் விழுந்தார்கள்.

"முன்வரிசை" என்றாள் ஹினே, படகின் முன்பக்கத்தை அம்மாவுக்குக் காட்டி.

பெரிய நுரை பெயருக்கேற்ற மாதிரிதான் இருந்தது. படகு செங்குத்தாக இறங்கி, சுவரில் மோதினது போல நின்று, ஒரு பக்கமாகத் தூக்கியது. தம்பி இருந்த இடம் காலி. பின்னால் இரண்டு ஆள் நீளத் தூரத்தில் அவன் தலை தெரிந்தது. பாடத்தையெல்லாம் மறந்துவிட்டு எழுந்து நிற்கத் தத்தளித்தான்.

"காலத் தூக்குலே!" அம்மா போட்ட சத்தம் அந்த இரைச்சலையும் மீறிக் கேட்டது. "ரோசாரி, மல்லாந்து படுலே! காலத் தூக்கு!"

தூக்கினான். ஆறு அவனைப் படகின் பக்கமாகவே கொண்டுவந்தது. அம்மா தோள்பட்டையைப் பிடித்தாள். அவன் கனத்தில் அவளும் வெளியே சரிந்தாள். உடனே அப்பா, ஒப்பந்தக்கார அப்பா, கயிற்றை விட்டுவிட்டு அம்மாவின் இரண்டு கால்களையும் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் இன்னொரு தோள்பட்டையைப் பிடித்தேன். "சாயிடி!" என்றாள் அம்மா. சாய்ந்தோம். என் மேல் அம்மா, அம்மா மேல் தம்பி, எல்லாருக்கும் அடியில் அப்பா.

தம்பி இருமி முடித்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை "அம்மா". அதை ராஸ் சொல்லவில்லை.

"தண்ணி குடிச்சிட்டியா அப்பு?" என்றாள் அம்மா, அவன் ஹெல்மெட்டைத் தடவியபடி.

"கொஞ்சம்மா."

"நல்ல தண்ணிதான். ஒண்ணும் செய்யாது."

6

நுரைக்கு நடுவில் எடுத்த படம் ஒன்றைத் தந்தார்கள். முன்வரிசையில் அம்மா, வாய் முழுக்கத் திறந்து, துடுப்பை ஈட்டி போல ஓங்கிக்கொண்டு. அவள் அதைத் தன் அன்பியக் குழுவுக்கு அனுப்பினாள். அன்பியம் என்றால் எங்கள் கோயிலில் தெருவுக்கு ஒன்றாக இருக்கிற ஜெபக் குழு. அதன் வாட்ஸ்அப்பில் பொதுவாகக் காலை வணக்கமும் திருப்பலி நேரமும்தான் வரும். அன்றைக்கு எல்லார் வீட்டுப் போனும் அலறியிருக்கும். "அருளு, இது நீயா? சத்தியமா?" என்று ஒருத்தி. "தலையில என்ன சட்டி?" என்று இன்னொருத்தி. நிலக்கோட்டையில் பூ வியாபாரம் பார்க்கிற சித்தி, வேனில் மல்லிகை மூட்டை ஏற்றுகிற இரைச்சலுக்கு நடுவிலிருந்து குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "ஏங்க்கா, எங்க ஊட்டுக்காரர்கிட்ட காட்டிட்டேன். மனுசன் வாயடைச்சுப் போய்ட்டாரு. நான் வந்தா என்னையும் ஏத்துவாகளா?"

அம்மா எல்லாவற்றுக்கும் ஒரே பதில் போட்டாள். "நாந்தான்."

எனக்கு எவ்வளவு பெருமை என்று எழுத முயன்றால் அசட்டுத்தனமாகத்தான் வரும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வங்கியில், பேருந்தில், அலுவலகத்தில் ஒவ்வொன்றையும் தப்பாகச் செய்து, முகம் சிவந்து, மறுபடி கற்றுக்கொண்டவள் நான். 'எனக்குத் தெரியும்' என்று நினைத்ததை ஒரு நிமிஷத்தில் கழற்றி வைத்துவிட்டு, இன்னொருவரிடம் 'சொல்லிக் கொடு' என்று கேட்க எனக்கு வருஷங்கள் ஆயின. அம்மா அதைத் தன் மகள் வயதுப் பெண்ணிடம், கரையில் நின்று, ஈரத்தோடு, மூச்சு வாங்கி முடிப்பதற்குள் செய்துவிட்டாள்.

ஊருக்குத் திரும்ப இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. நேற்று அம்மா ஹினேயின் நம்பருக்குப் பேசச் சொன்னாள். அடுத்து என்ன இருக்கிறது என்று கேட்கச் சொன்னாள். இரண்டு பேர் மட்டும் போகிற காற்றடைத்த சின்னப் படகு இருக்கிறதாம். வழிகாட்டி அதில் ஏறமாட்டார், தனிப் படகில் கூடவே வருவார். முன்னால் இருப்பவர் துழாவ வேண்டும், பின்னால் இருப்பவர்தான் வழி பார்த்துத் திருப்ப வேண்டும்.

"யார் எங்க உக்காருறதுன்னு இப்பவே சொல்லணுமாம், அம்மா" என்றேன், போனைக் கையால் பொத்திக்கொண்டு.

அம்மா அடுப்பில் இருந்த வெஞ்சனத்தைக் கிளறிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

"நீ முன்னாடி உக்காந்து நல்லாத் துழாவு. பின்னாடி நான் இருக்கேன்."

சனிக்கிழமை காலைக்குச் சொல்லி வைத்துவிட்டேன்.